அக்கா வீட்டில் விருந்தாளியாக இருந்த அம்மன்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த அஞ்சலி மலரைக் கையில் வாங்கிக்கொண்ட உறவினர்கள், நண்பர்கள், பஜார்க்காரர்கள் அனைவருக்கும் வணக்கம். முறைப்படி இதை எழுத வேண்டியது அக்காவின் மகன். என் மருமகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். "எனக்குத் தமிழ்ல நாலு வரிக்கு மேல வராது மாமா, நீங்கதான் எழுதணும்" என்று என் தலையில் கட்டிவிட்டான். அச்சகத்துக்காரர் மாதிரிக்கு இரண்டு பழைய மலர்களைக் கொடுத்து, "இதப் பாத்து எழுதிருங்க சார், பேர மட்டும் மாத்துனாப் போதும்" என்றார். இரண்டையும் படித்தேன். அவற்றில் இருந்தவர்கள் பிறந்த நாள் முதல் இறந்த நாள் வரை யாரிடமும் ஒரு முறைகூடக் கோபப்படவில்லை. அக்கா அப்படிப்பட்டவர் அல்லர். ஆகவே பார்த்து எழுத முடியவில்லை.

அக்கா பிறந்தது உத்தமபாளையத்தை அடுத்த அனுமந்தன்பட்டியில். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல் வயலும் கொஞ்சம் தென்னையும் இருந்தன. அக்காவும் நானும்தான் பிள்ளைகள். அக்கா கணக்கில் கெட்டிக்காரர். பள்ளி இறுதி முடித்ததும் கல்லூரிக்குப் போக ஆசைப்பட்டார். அந்த வருடம் புகையான் பூச்சி விழுந்து நெல் மொத்தமும் காய்ந்து போனது. படிப்பும் அதோடு நின்றது. இதை அவர் ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் பிற்பாடு என்னைக் கல்லூரியில் சேர்த்த அன்று, பேருந்து நிலையத்தில் நான்கு பேர் பார்க்க, "ஏலே, ஒழுங்காப் படிக்கல, அங்கன வந்து மிதிப்பேன்" என்றார். அவர் மனதில் இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அக்காவைக் கொடுத்த இடம் தேனி பஜாரில் பாத்திரக்கடை. கீழே கடை, மேலே வீடு. அத்தான் பேச்சுக்காரர். காதில் தண்டட்டி போட்ட அம்மா ஒருவர் ஒரு கரண்டி வாங்க வந்தால், அவர் அண்டாவோடுதான் படியிறங்குவார். அக்காவுக்குப் பேச்சு அவ்வளவு போதாது. அவர் தராசடியில் உட்கார்ந்தார். மாமனார் காலத்துக்குப் பிறகு கடையின் வாய் அத்தான் என்றும் கை அக்கா என்றும் பஜாரில் சொல்வார்கள். கடை நொடித்த வருடங்களும் உண்டு. அப்போதெல்லாம் கூலிக்கு ஆள் வைக்காமல், தானே பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிவிட்டு அக்கா சோறு தின்ன மாலையாகிவிடும். உடம்பைப் பார்த்துக்கொள்ளாத பழக்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வருசநாடு, கடமலைக்குண்டு, போடிப் பக்கத்து ஆட்கள் பழைய பித்தளையையும் வெண்கலத்தையும் சாக்கில் கட்டிக் கொண்டுவருவார்கள். எடை போட்டு, அதற்கு ஈடாகப் புதுப் பாத்திரம் கொடுப்பார்கள். விளக்கு வந்தால் எடை போடலாம், மணி வந்தால் எடை போடலாம். சாமி உருவம் வந்தால் மட்டும் அக்கா தராசில் வைக்க விடமாட்டார். "சாமிக்கு எடை கெடையாது. எடுத்துக்கிட்டுப் போயிக் கோயில்ல குடுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். மற்ற கடைகளில் வாங்கத்தான் செய்தார்கள். அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்.

ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம். கடையில் நிற்க இடமில்லை. இடது புருவத்தில் தழும்பு உள்ள ஓர் இளைஞர் சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கடமலைக்குண்டு பேருந்து கிளம்பிவிடும் என்று அவசரப்படுத்தினார். அக்கா சாக்கைக் கொட்டிப் பார்த்தார். எல்லாம் சொட்டை விழுந்த பாத்திரங்கள். அதில் ஒரு சிறிய பித்தளைக் குடம். வாயில் துணி அடைத்திருந்தது. மற்ற நாளாக இருந்தால் துணியை உருவி உள்ளே கைவிட்டுப் பார்த்திருப்பார். அன்று பார்க்கவில்லை. எடை போட்டார், அந்த இளைஞர் எவர்சில்வர் குடங்களை வாங்கிக்கொண்டு ஓடினார்.

மறுநாள் காலையில் பழசைப் பிரித்து வைக்கும்போதுதான் அக்கா அந்தத் துணியை உருவினார். முதலில் அரிசி கொட்டியது. பிறகு மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால், நான்கு விரல் உயரத்தில் ஓர் அம்மன். வார்ப்புச் சிலை. வலக்கையில் மொட்டு, இடக்கை தொங்கவிட்டபடி. எத்தனையோ காலம் புளி போட்டுத் தேய்த்ததில் மூக்கும் வாயும் மழுங்கியிருந்தன. சேலை மடிப்பும் கொண்டையும் மட்டும் நேற்று வார்த்த மாதிரி இருந்தன. வீடு மாறும்போது சாமியை அரிசிக்குள் வைத்துத் தூக்கிப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். யாரோ வீடு மாறியிருக்கிறார்கள், யாரோ தெரியாமல் குடத்தை விற்றிருக்கிறார்கள் என்று அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. "தராசுல ஏத்திட்டேனே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அத்தான் சொன்னார்: "வந்தது வந்துருச்சு. பூசை ரூமுல வச்சுக் கும்பிடு."

"இன்னொருத்தர் வீட்டுச் சாமி. நாம எப்பிடி வச்சுக்கிறது?" என்றார் அக்கா.

அன்று தொடங்கிய வாக்குவாதம் பல வருடம் நடந்தது. அக்கா அன்றைக்கே பேருந்து நிலையத்துக்கு ஆள் அனுப்பினார். காவல் நிலையத்திலும் போய்ச் சொன்னார். அப்படி யாரும் புகார் கொடுத்திருக்கவில்லை. கேட்டு வந்தால் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். வருசநாட்டுப் பக்கமிருந்து கடைக்கு யார் வந்தாலும் அக்காவின் முதல் கேள்வி, "ஒங்க பக்கம் யாரு வீட்லயாச்சும் சாமியக் காணோம்னு சொன்னாகளா?" என்பதுதான். கரண்டி வாங்க வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

கேள்வி பரவியதும் உரிமை கொண்டாடிச் சிலர் வந்தார்கள். சிலையின் பீடத்தில் இரண்டு பக்கமும் சிறிய சதுரத் துளைகள் இருந்தன. அதை அக்கா அடையாளத்துக்காக வைத்துக்கொண்டு வெளியே யாரிடமும் சொல்லவில்லை. புகைப்படம் எடுக்கவும் விடவில்லை. அத்தான் ஒருமுறை கைப்பேசியில் எடுத்துவிட்டு, அக்கா கண் முன்னாலேயே அழிக்க வேண்டியதாயிற்று. வந்தவர்களில் ஒருவர், "எங்க வீட்டு மாரியாத்தாதாங்க, சந்தேகமே வேணாம்" என்று அழாத குறையாகச் சொன்னார்.

"எத்தன கையி?" என்றார் அக்கா.

"நாலு."

"இவுகளுக்கு ரெண்டுதான். மத்த ரெண்டையும் எங்கிட்டாவது தேடிப் பாருங்க" என்று வாசலைக் காட்டினார்.

அக்கா அந்தச் சிலையைப் பூசை அறையில் வைக்கவில்லை. கூடத்தில், சன்னலுக்குக் கீழே ஒரு மணைப்பலகை போட்டு அதன்மேல் வைத்தார். விருந்தாளியைக் கூடத்தில்தானே உட்கார வைப்போம் என்பார். காலையில் முதல் பால் ஒரு சின்ன டம்ளரில் அங்கே போகும். வெயில் காலத்தில் நீர்மோர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு துண்டுப் பட்டு. அவ்வளவுதான். கற்பூரம் கிடையாது, மணி கிடையாது. அம்மனுக்குப் பெயர் வைக்கவும் விடவில்லை. "அவுக வீட்ல என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டாகளோ, நாம பேரு வச்சா அது மறந்து போயிரும்" என்றார். ஆகவே எங்கள் வீட்டில் அந்த அம்மனுக்கு "வந்தவுக" என்றே பேச்சு. "வந்தவுகளுக்குப் பால் வச்சாச்சா?" என்று மாடியிலிருந்து அக்கா கத்தினால், கடைக்குப் புதிதாக வந்தவர்கள் யாரோ சம்பந்தி வந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும்விட அத்தானுக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. அந்த அம்மனிடம் எதுவும் கேட்கக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார்.

"சாமின்னு இருந்தா நாலு கேக்கத்தான செய்வோம்?" என்று அத்தானுக்காக நானும் பேசிப் பார்த்தேன்.

"ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தா, அவுககிட்டப் போயி அதக் குடு இதக் குடுன்னு கேப்பியால நீயி? வெக்கமா இருக்காது?" என்றார். ஊரில் உரக்கடை வைத்திருக்கிற எனக்கு இவ்வளவு நுட்பம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அத்தான் விடவில்லை. அம்மன் வந்த வருடத்தில்தான் பக்கத்துக் கடை காலியாகி அவர்களுக்குக் கிடைத்தது. மருமகனுக்குக் கல்லூரியில் இடமும் அந்த வருடம்தான் கிடைத்தது. பல வருடமாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு பாகத் தகராறும் முடிந்தது. "எல்லாம் இவுக வந்த நேரம்" என்று அத்தான் உறுதியாக நம்பினார். அக்கா ஊருக்குப் போன நாட்களில் ரகசியமாகக் கற்பூரம் ஏற்றிக் கேட்கவும் செய்தார். திரும்பி வந்த அக்கா படியேறும்போதே மூக்கைச் சுருக்குவார். "யாரு விருந்தாளிகிட்டக் கையேந்துனது?" என்று கேட்பார். அத்தான் கல்லாவில் மும்முரமாக இருப்பார்.

இவர்களுக்கு நடுவில் நியாயமாக நடந்துகொண்டவர் பக்கத்து ஜவுளிக்கடை எஸ்தர் அக்கா. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். என் மகள் திருமணத்துக்கு அக்கா குடும்பத்தோடு அனுமந்தன்பட்டி வந்தபோது வீட்டுச் சாவி அவரிடம்தான் இருந்தது. "பால் வைக்கிறதுதான, நான் பாத்துக்கிறேன். வீட்டுக்கு வந்தவுகளுக்குப் பால் குடுக்கக் கூடாதுன்னு எங்க வேதத்துல எங்கயும் போடல" என்றார். பிறகு அக்கா வீட்டார் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவரே வந்து வைத்தார்.

இப்படியே மருமகன் படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் முடிந்தது. வந்தவர் வந்தவராகவே இருந்தார். இனி யாரும் வரமாட்டார்கள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அக்கா மட்டும் கேட்பதை நிறுத்தவில்லை.

ஒரு நாள் மதியம் நான் உரக்கடைச் சரக்கு எடுக்கத் தேனிக்கு வந்தவன், சாப்பாட்டுக்கு அக்கா கடைக்குப் போயிருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். பெயர் செல்லமுத்து. கையில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. அத்தானிடம், "சின்னதா ஒரு அம்மன் செல வேணும்ணே. இதுக்குப் பொருந்துற மாதிரி இருக்கணும்" என்று தாளைப் பிரித்தார். உள்ளே ஒரு திருவாசி. சாமிக்குப் பின்னால் வளைவாக நிற்குமே, அது. ஒரு சாண்கூட இராது. அடியில் இரண்டு சதுரக் கால்கள்.

தராசடியில் இருந்த அக்கா எழுந்து வந்தார்.

"சாமி இல்லாம திருவாசி மட்டும் எப்பிடித் தம்பி?" என்று கேட்டார்.

"சாமி காணாமப் போச்சுக்கா. ரொம்ப வருசமாச்சு. வெறும் திருவாசியத்தான் கும்பிட்டுக்கிட்டு இருக்கோம். மகளுக்குக் கல்யாணம் வருது. வெறும் வளைவுக்கு முன்னாடி தாலிய வைக்கக் கூடாதுன்னு எங்கம்மா ஒத்தக் கால்ல நிக்குது."

"எந்த ஊரு?"

"கடமலைக்குண்டு."

அக்கா அவரை உட்காரச் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினார். முட்டிவலிக்காரர் அவ்வளவு வேகமாகப் படியேறி நான் பார்த்ததில்லை. அத்தானுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அவரும் பின்னாலேயே போனார். நானும் போனேன்.

"இந்தா பாரு, ரெண்டு ஓட்ட எல்லாச் சாமிக்கும்தான் இருக்கும். நாளைக்கு வரச் சொல்லு. யோசிச்சுச் சொல்லலாம்" என்று அத்தான் தணிந்த குரலில் சொன்னார்.

"அவுக வீட்டுக்கு அவுக போறாக. இதுல நாம என்னத்த யோசிக்கிறது?"

"இவுக வந்ததுக்கப்புறம்தான் நாம நாலு காசு பாத்தோம். அத மறந்துறாத. அனுப்பிட்டு அப்புறம் அழக் கூடாது."

அக்கா அம்மனைக் கையில் எடுத்திருந்தார். கொடுக்க அவருக்கும் மனம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. இத்தனை வருடம் தினமும் காலையில் முதலில் பார்த்த முகம் அது. கண் கலங்கிவிட்டது. "நான் அழுதா அழுதுட்டுப் போறேன். நீங்க வழிய விடுங்க" என்றார்.

கீழே வந்து துணியை விரித்து அம்மனை வைத்தார். செல்லமுத்து பார்த்தார். திருவாசியை எடுத்துத் துளையில் வைத்தார். கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. கட்டைவிரலால் அழுத்தியதும் இறங்கி உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அந்த மனிதர் கடையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அக்கா கேட்ட முதல் கேள்வி, "ஒங்க வீட்ல இவுகளுக்கு என்ன பேரு?" என்பது.

"சின்னாத்தா" என்றார்.

"சின்னாத்தா" என்று அக்கா ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மற்றதைக் கேட்டார். "ஒங்க வீட்ல எளவட்டமா ஒருத்தரு, எடது புருவத்துல தழும்பு இருக்குமே, அவரு யாரு?"

செல்லமுத்துவின் முகம் மாறிவிட்டது. "என் தம்பிக்கா. அவனை ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அவருதான் இந்தக் கொடத்தக் கொண்டாந்தாரு. வாயில துணி அடச்சிருந்துச்சு. உள்ள அரிசி. அரிசிக்குள்ள இவுக. தெரியாமத்தான் கொண்டாந்தாரு, தெரியாமத்தான் நானும் எடை போட்டேன்."

அப்போதுதான் முழுக் கதையும் வெளியே வந்தது. அவர்கள் பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டிக் குடிபோன சமயம். சாமியை மரப்பெட்டியில் வைத்ததாக அம்மா சத்தியம் செய்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் தம்பி. புது வீட்டில் திறந்து பார்த்தால், திருவாசி இருக்கிறது, சின்னாத்தா இல்லை. முதலில் குடத்து அரிசிக்குள் வைத்ததும், அங்கிருந்து பெட்டிக்கு மாற்ற மறந்ததும் அந்த அம்மாவுக்கு நினைவே இல்லை. பழைய பாத்திரங்களை விற்கச் சொன்னதும் வீட்டுக்காரர்கள்தான். விற்றுவிட்டு வந்த தம்பியைத்தான் சாமியைத் திருடி விற்றுவிட்டான் என்று சொன்னார்கள். முதலில் சொன்னவர் அண்ணன் செல்லமுத்துதான். தம்பி குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டார். அங்கேயே கல்யாணம் செய்து, பிள்ளைகளும் பெற்று, ஒரு தீபாவளிக்குக்கூட ஊர்ப்பக்கம் வரவில்லை. வீட்டு மானம் என்று இவர்களும் வெளியே மூச்சு விடவில்லை. அக்கா அந்த வட்டாரம் முழுவதும் கேட்டும் பதில் வராமல் போனதற்கு இதுதான் காரணம்.

செல்லமுத்து அங்கேயே உட்கார்ந்தபடி தம்பியைக் கைப்பேசியில் அழைத்தார். அந்தப் பக்கம் எடுக்கவே நேரமாயிற்று.

"ஏலே, நான் அண்ணன் பேசுறேன்டா. வச்சிராத. சின்னாத்தா கெடச்சிருச்சுடா. கொடத்துக்குள்ள இருந்திருக்கு. நீ எடுக்கலடா." அந்தப் பக்கமிருந்து மலையாளமும் தமிழும் கலந்து ஏதோ சத்தம் வந்தது, பிறகு அழுகை. அக்கா கைப்பேசியை வாங்கி, "தம்பி, நான் பாத்திரக்கட அக்கா பேசுறேன். ஒம்மேல தப்பு இல்ல. துணிய உருவிப் பாக்காதது என் தப்பு. நாளைக்கு வண்டியேறி ஊருக்கு வாங்க. நான் வந்து எல்லாரு முன்னாடியும் சொல்றேன்" என்றார்.

சொன்னபடி மறுநாள் காரில் சின்னாத்தாளை மடியில் வைத்துக்கொண்டு கடமலைக்குண்டு போனார். நான் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அத்தான் கடையைப் பார்க்க வேண்டும் என்று வரவில்லை. அந்த வீட்டு வாசலில் தம்பியும் வந்து நின்றிருந்தார். அவருடைய தாயார் ஓடி வந்து அக்காவின் காலில் விழப் போனார். அக்கா தடுத்து, "மொதல்ல மகனப் பாருங்க, பெறகு சாமியப் பாக்கலாம்" என்று கோபமாகவே சொன்னார். அவருடைய கோபம் அன்று சரியான இடத்தில் விழுந்தது.

அதற்குப் பிறகு வியாபாரம் சரிந்தது உண்மை. பெரிய கடைகள் வந்தன. கைப்பேசியிலேயே குக்கர் வாங்க ஆரம்பித்தார்கள். பக்கத்துக் கடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அத்தான் விடுவாரா? "நான் அப்பவே சொன்னேன்ல" என்பார். அக்காவும் விடமாட்டார். "வந்தவுக கெளம்பிப் போனா, போகும்போது வீட்டுச் சாமானத் தூக்கிக்கிட்டா போவாக? நம்ம யாவாரம் நம்ம பாடு" என்பார். ஆனால் காலையில் பழக்கதோஷத்தில் அந்தச் சின்ன டம்ளரில் பாலை ஊற்றிவிட்டு, பிறகு எடுத்துத் தானே குடித்துவிடுவார் என்று அத்தான் என்னிடம் சொன்னார். சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன என்று மருத்துவமனையிலிருந்து சொன்னபோது அக்கா தராசடியில்தான் இருந்தார். மதுரைக்கும் தேனிக்கும் டயாலிசிஸுக்கு அலைந்தார். வலியைப் பற்றிப் பேசவில்லை. மருத்துவமனை காபியைப் பற்றி நிறையப் பேசினார். உடம்பு ரொம்பவும் முடியாமல் போன ஒரு நாள், அத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் தயங்கித் தயங்கி நின்றார்.

"நான் ஒரு தடவ கடமலைக்குண்டு போயிட்டு வரவா? இப்ப அவுக விருந்தாளி இல்லைல. அவுக வீட்லயே போயிக் கேக்கலாம்ல?"

அக்கா சிரித்தார். "போயிட்டு வாங்க. ஆனா வெறுங்கையோட போகாதீக" என்றார்.

அத்தான் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு போனார். அந்த வீட்டில் அன்று சாயங்காலம் வரை சின்னாத்தா முன்னால் உட்கார்ந்திருந்தாராம். கேட்டது கிடைக்கவில்லை. அடுத்த மாதமே அக்கா எங்களை விட்டுப் போய்விட்டார்.

இறுதிச் சடங்கில் நடந்தது வந்திருந்தவர்களில் பலருக்கும் தெரியும். என்னவென்று புரியாமல் போனவர்களும் உண்டு. அவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் பக்கம் பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத்தான் கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலாகப் போர்த்துவோம். அதோடுதான் புறப்பாடு. தம்பி என்ற முறையில் நான் சேலையோடு நின்றேன். அப்போது செல்லமுத்துவும் அவர் தம்பியும் அவர்கள் வீட்டுப் பெண்களும் தாம்பாளத்தில் ஒரு சேலையோடு தெருமுனையில் நிற்பதாகச் சொன்னார்கள். உள்ளே வரத் தயங்கினார்கள். முறை செய்கிற பெரியவர் அவர்களைக் கூப்பிட்டு, "நீங்க என்ன மொறை? சம்பந்தி மொறையா, பங்காளி மொறையா? மொறை தெரியாம கோடி வாங்க முடியாதே" என்றார். அவர் கேட்டதில் தவறு இல்லை. கேட்பதுதான் அவர் வேலை.

செல்லமுத்து தாம்பாளத்தைப் பிடித்தபடி, "மொறை ஒன்னும் இல்லைங்கய்யா. எங்க சாமிய வச்சுக் காப்பாத்துனாக. என் தம்பிய எனக்குத் திருப்பிக் குடுத்தாக. அதுக்கு என்ன மொறைனு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார்.

பெரியவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அத்தான் எழுந்தார். சின்னாத்தாளைக் கொடுக்க வேண்டாம் என்று கடைசி வரை மல்லுக்கு நின்றவர் அவர்தான்.

"பொறந்த வீடுன்னு சொல்லிப் போடுங்க" என்றார்.

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் என் சேலையைக் கீழே வைத்துவிட்டு அவர்களுடைய சேலையின் ஒரு முனையைப் பிடித்தேன். செல்லமுத்துவின் தம்பி மறுமுனையைப் பிடித்தார். முதலில் அதைப் போர்த்தி, அதன்மேல் என் சேலையையும் போர்த்தினோம். அக்கா இரண்டு பிறந்த வீட்டுக் கோடியோடு போனார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். டயாலிசிஸ் அறையில் அக்காவின் திட்டுக்களைச் சிரித்துக்கொண்டே வாங்கிய செவிலியர்களுக்கும், காசு பாராமல் வண்டி ஓட்டிய ஓட்டுநருக்கும், கடையை மூன்று நாள் தங்கள் கடையாக நினைத்துப் பார்த்துக்கொண்ட பஜார்க்காரர்களுக்கும், கடைசி ராத்திரி வரை உடனிருந்து ஜெபித்த எஸ்தர் அக்காவுக்கும், காடாற்றுச் சடங்கு முடியும் வரை வீட்டுக்குச் சோறு அனுப்பிய உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்; நேரில் வந்து திட்டுங்கள்.

இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் "இங்ஙனம்" என்று போட்டு, அதன் கீழே "பிறந்த வீட்டார்" என்ற இடத்தில் அனுமந்தன்பட்டி, கடமலைக்குண்டு என்று இரண்டு ஊர்கள் இருக்கும். அதை அச்சுப்பிழை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அத்தான் சொல்லித்தான் அப்படிப் போட்டிருக்கிறது.